அரைமணி என்றால் முப்பத்தைந்து நிமிஷம்

என் மாமனாரின் இழவுக்கு, பிணம் வீடு வந்து சேருவதற்கு முன்னாலேயே வந்து நின்ற ஒரே ஆள் அவர்தான்.

சடலத்தைப் பதப்படுத்தித் தரும் மலர்ச்சாலையிலிருந்து பெட்டி மூன்று மணிக்கு, கண்டி அம்பிட்டியவில் எங்கள் வீட்டுக்கு வரும் என்று சொல்லியிருந்தோம். எங்கள் பக்கம் மூன்று மணி என்றால் நாலரைக்கு மேல் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாடகைக் கதிரைகள்கூட இறங்கவில்லை. என் மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சரியாக இரண்டு இருபத்தைந்துக்கு வாசலில் நிழல் விழுந்தது. எழுபது தாண்டிய வெள்ளைக்காரர். கறுப்புக் கோட்டு, கையில் சுருட்டிய குடை.

“பொட்டி இன்னும் வரலீங்களே தொர,” என்றாள் அவள்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, “அதனாலென்ன? அவர் வரும்போது யாராவது இருக்க வேண்டும்,” என்றார்.

உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. வாசல் நிலையோடு ஒட்டி நின்று, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டே இருந்தார். ஐந்து மணிக்குக் கிட்டத்தான் வண்டி வந்தது. கொழும்பிலிருந்து வந்த உறவுக்காரர்கள் அவரை மலர்ச்சாலை ஆள் என்று நினைத்து, பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தார். உள்ளே இறக்கி வைத்துவிட்டு என் காதோரம் வந்து, “டிவியில் இப்படிப் பெட்டிக்குள் பலமுறை படுத்திருக்கிறேன். தூக்கியது இன்றைக்குத்தான். படுக்கிறவன் வேலை சுகம்,” என்றார்.

இழவு வீட்டில் அன்றைக்குச் சிரித்தவன் நான் ஒருவன்தான். மனைவி ஒரு கிழமை என்னோடு பேசவில்லை.

அவர் இங்கிலாந்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் மேடையிலும் டிவியிலும் நடித்தவர். பெயரை எழுதவில்லை. எழுதினாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. அங்கேயே முகத்தைத்தான் தெரியுமாம். “‘அட, இவரா!’ என்பார்கள். ‘எவர்?’ என்று திருப்பிக் கேட்டால் முழிப்பார்கள். அந்த முழிப்பில்தான் என் சோறு வெந்தது,” என்பார். ஆறு வருஷம் ஓர் ஆஸ்பத்திரித் தொடரில் கெட்ட செய்தி சொல்லும் டாக்டராக வந்தாராம். அந்தக் காலத்தில் அவர் சந்தைக்குப் போனால் சனம் அவரைக் கண்டதும் மறுபக்கம் திரும்பி நடக்குமாம். ஒரே ஒரு அம்மா மட்டும் பையிலிருந்து எக்ஸ்ரே படத்தை எடுத்து நீட்டினாராம்.

“நீங்க என்ன சொன்னீங்க சேர்?” என்று கேட்டேன்.

“வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உங்கள் சொந்த டாக்டர் சொல்வதைக் கேளுங்கள் என்றேன். அழுது, என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். எனக்குக் கிடைத்த நல்ல விமர்சனம் அது ஒன்றுதான்.”

அம்பிட்டிய வீதியில் என் கடை. போட்டோகொப்பி, லெமினேட்டிங், ஆட்களுக்கு ஈமெயில் பார்த்து அச்செடுத்துக் கொடுப்பது. பள்ளிக்கூடத்தைப் பத்தாம் வகுப்போடு விட்டவன் நான். என் ஆங்கிலம் முழுக்க மற்றவர்கள் கொப்பி எடுக்கக் கொடுத்த தாள்களில் படித்தது: சத்தியக்கடதாசி, காணி உறுதி, கலியாணக் கார்ட், ஆஸ்பத்திரி ரிப்போர்ட். யாராவது நல்ல பேச்சு ஒன்று பேசினால் கழிவுத் தாளின் பின்பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்வேன். அவர் வந்த பிறகு கழிவுத் தாள் போதாமல் போனது. அந்தப் பழக்கம் பிறகு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு வருகிறேன்.

கடைக்குப் பின்னால் ஏறும் ஒழுங்கையில், அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவரின் மாடி அறையில் அவர் குடியிருந்தார். எட்டரைக்கு நான் கடை திறப்பேன். ஐந்து குறைய எட்டுக்கு அவர் பூட்டிய ஷட்டருக்கு முன்னால் நிற்பார். பல் டாக்டரிடம் பத்து மணிக்கு நம்பர் என்றால் ஒன்பது இருபத்தைந்துக்கு அந்த வாசலில் நிற்பார். முந்திப் போனாலும் அங்கே நிலையாக இருப்பாரா என்றால் அதுவுமில்லை. பார்வை ரோட்டில், கால் படியில். தமிழில் அவருக்கு வாலாயமாக வந்த ஒரே சொல் “போவோம்.” வந்ததும் போவோம், தேநீர் குடித்ததும் போவோம்.

“உந்த மனுசன் ரயிலுக்கே நிக்குது?” என்று அம்மா ஒருநாள் என்னிடம் முறையிட்டார். “ஏழு மணிக்குச் சாப்பாடு எண்டால் ஆறு இருபத்தஞ்சுக்கு வந்து மேசையில கையை வைச்சுக்கொண்டு நிப்பார். நான் புட்டை அவிக்கிறதோ, இவரைப் பாக்கிறதோ, சொல்லு தம்பி?”

நான் அவரிடமே கேட்டேன். அதென்ன சேர், அரைமணியும் இல்லை, முக்கால் மணியும் இல்லை, எப்போதும் முப்பத்தைந்து நிமிஷம்?

“அதுதான் அரைமணி,” என்றார்.

அவர்களின் நாடகக் கொட்டகைகளில் அரைமணி என்று ஒன்று உண்டாம். திரை தூக்குவதற்கு அரைமணி முன்னால் நடிகர்கள் எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். ஆனால் முதல் ஆள் மேடையேறத் தயாராவதற்கு ஐந்து நிமிஷம் வேண்டும் என்று அந்த அரைமணியை ஐந்து நிமிஷம் முன்னால் கூப்பிடுவார்கள். ஆகவே அரைமணி என்றால் முப்பத்தைந்து நிமிஷம். அந்த நேரத்தில் நீ கட்டடத்துக்குள் இல்லை என்றால், உன் பாத்திரத்தைப் பாடம் பண்ணிக்கொண்டு காத்திருக்கும் மாற்று நடிகனிடம் ‘உடுத்திக்கொள்’ என்று சொல்லிவிடுவார்கள்.

இளவயதில் ஒருமுறை பனியில் ரயில் நின்று, இவர் போய்ச் சேர்ந்தபோது திரை தூக்க இருபது நிமிஷம்தான் மிச்சம். அறைக் கதவைத் திறந்தால், இன்னொருவன் கண்ணாடி முன்னால் நின்று இவருடைய கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிறான். அன்று அவன் நன்றாக நடித்துவிட்டான். அடுத்த நாளும் அவனே. அவன் பெயர் இன்றைக்கு எல்லோருக்கும் தெரியுமாம்.

“கோட்டு எனக்கு அளவெடுத்துத் தைத்தது. அவனுக்கு எனக்குப் பொருந்தியதைவிட நன்றாகப் பொருந்தியது,” என்றார் அவர். “அன்றிலிருந்து நான் எங்கே போனாலும், பின்னால் ஒருத்தன் பொத்தான் போடுகிற சத்தம் கேட்கிறது.”

அந்த அரைமணிக்குள் இன்னொரு சட்டமும் இருந்தது. அது கொட்டகைச் சட்டமா, அவரே போட்டுக்கொண்டதா என்று எனக்குத் தெரியாது. அந்த முப்பத்தைந்து நிமிஷத்தில் நடிகனுக்கு யாரும் எந்தச் செய்தியும் சொல்லக் கூடாது. நல்லதும் கூடாது, கெட்டதும் கூடாது. “வீடு எரிந்தால்கூடத் திரை விழுந்த பிறகு சொல். எரிந்து முடிந்திருக்கும், பதற்றமாவது மிச்சமாகும்.” ஒருநாள் அவர் பூட்டிய கடைக்கு முன்னால் நிற்கையில் நான் தெரியாமல் முந்தி வந்து, பால்மா விலை ஏறிய கதையை ஆரம்பித்தேன். உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். கடை திறந்த பிறகு, “இப்போது சொல், பாலுக்கு என்ன?” என்றார்.

சீட்டியடிப்பதும் அவருக்கு ஆகாது, கொட்டகைக்குள் அது அபசகுனமாம். மெஷின் ஓடும்போது எனக்குச் சீட்டி தானாக வரும். முதல் தடவை கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. கடைக்கு வெளியே போய் மூன்று சுற்றுச் சுற்றி, கதவைத் தட்டி, உள்ளே வர அனுமதி கேட்க வேண்டும் என்றார். கேட்டேன். ஓட்டோ ஸ்டாண்டில் நின்ற பெடியன்கள் அன்றிலிருந்து எனக்கும் ஒரு பட்டம் வைத்தார்கள். அதை இங்கே எழுத முடியாது.

கண்டிக்கு ஏன் வந்தார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார். என் மனைவிக்குச் சொன்ன பதில்தான் உண்மை என்று நான் நம்புகிறேன். முப்பது வயதில் ஒரு டிவி நாடகத்தில் இலங்கைத் தோட்டத்துத் துரையாக நடித்தாராம். அதில் ஒரு துண்டு யாரோ இணையத்தில் போட்டிருந்தார்கள். கடைக் கணினியில் காட்டினார். வெள்ளை உடுப்பு, தொப்பி, பின்னால் பச்சைப் பச்சையாய்ப் பிளாஸ்டிக் தேயிலை. பூசிக் கறுப்பாக்கிய முகங்களோடு நாலு பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள்.

மனைவியின் அம்மா தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்தவர். மனைவி கிட்ட வந்து பார்த்தாள். “ஏங்க தொர, கூடைய வயித்துல கட்டிக்கிட்டு யாராச்சும் கொழுந்து எடுப்பாங்களா? குனிஞ்சா எல்லாம் கொட்டிறாதா?”

நான் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தேன். அவர் எழுந்து நின்றார். கையை மார்பில் வைத்துத் தலை குனிந்தார். “அதைப் பார்க்கத்தான் வந்தேன். நான் பொய் சொன்ன இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்க,” என்றார். பிறகு, “என்னைத் தொரை என்று கூப்பிட வேண்டாம் என்று சொல். மூன்று தடவை தொரையாக நடித்துவிட்டேன். மூன்றிலும் என்னைக் கொன்றார்கள்.”

அவள் கடைசிவரை தொர என்றுதான் கூப்பிட்டாள்.

அவர் இங்கே தோற்றுப்போனது ஒரே இடத்தில்தான், கேஸ் வரிசையில். தட்டுப்பாட்டு நாட்களில், எட்டு மணிக்கு லொறி வரும் என்று யாரோ சொல்ல, அம்மாவின் வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு அவர் ஏழு இருபத்தைந்துக்குக் கட்டுகஸ்தோட்டை வீதிக்குப் போனார். வரிசை ரோட்டு வளைவுக்கு அந்தப்பக்கம் இருந்தது. முதல் நாள் பின்னேரமே சிலிண்டர்களைச் சங்கிலியால் கோத்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வெறுங்கையோடு திரும்பி வந்தவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “ஊர் முழுக்க நடிகர்களாகிவிட்டது!” என்றார். அம்மாவுக்குத்தான் விறகடுப்பு.

இவ்வளவும் சிரிப்பாகச் சொல்கிறேன். ஆனால் அவரோடு இருப்பது சும்மா இருப்பது அல்ல. பக்கத்தில் கொதிக்கிற கேத்தல் மாதிரி. மூடி எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும். ஏன் ஆடுகிறது என்று எனக்குத் தெரிந்தது, அவருடைய மருமகள் அனுப்பிய ஈமெயிலை அச்செடுத்தபோது. மருமகள் என்றால் தங்கையின் மகள். என் தொழிலில் படிக்காமல் அச்செடுக்க முடியாது, கண் தானாக எழுத்துக்குப் போய்விடும். வயதான நடிகர்களுக்கென்று அங்கே ஒரு இல்லம் இருக்கிறது, ஓர் அறை காலியாகிறது, அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும், ‘போன வருஷம் மேடையில் நடந்ததற்குப் பிறகு நீங்கள் தனியாக இருப்பது சரியில்லை’ என்று இருந்தது.

என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். ஒரு நாடகத்தில், நடுவில், சொல் வரவில்லை. ஒரு சொல்லும் வரவில்லை. எதிரே நின்ற பெண் இவருடைய வசனத்தையும் சேர்த்துத் தானே பேசி முடித்தாள். “ஈரச் சவர்க்காரம் மாதிரி. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கத்தான் வழுக்குகிறது.” அடுத்த கிழமை விமானம் ஏறிவிட்டார்.

“அந்த வீடு நல்ல எடமாத்தானே சேர் தெரியுது?”

“நல்ல இடம்தான். எல்லோரும் நேரத்துக்கு முன்னால் வந்துவிட்டவர்கள். இனித் திரைதான் தூக்காது.”

அந்த மாதமே படக்காரர்கள் வந்தார்கள். கடுகண்ணாவைக்கு மேலே ஒரு பழைய பங்களாவில் வெளிநாட்டு டிவி தொடர் ஒன்றுக்குப் படப்பிடிப்பு. கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பிள்ளை அவர்களிடம் உதவியாளராக வேலை செய்தாள். கொப்பி எடுக்க என் கடைக்குத்தான் வருவாள். சாகக் கிடக்கும் கிழட்டுத் துரை ஒருவர் வேண்டும், இங்கேயே யாராவது வெள்ளைக்காரர் கிடைப்பாரா என்று அவள் கேட்டபோது, அவர் என் ஷட்டரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். முப்பத்தைந்து நிமிஷம் முன்னால் வந்திருந்தார், எதற்கு என்று அவருக்கே தெரியாமல்.

பாத்திரம் கிடைத்தது. ஒரே காட்சி, இரண்டு பக்கம். நாலாவது தடவையும் தொரை, நாலாவது தடவையும் சாவு.

“கேள்,” என்றார் என்னிடம். “இந்த இரண்டு பக்கத்தையும் நான் தடுக்காமல் சொல்லிவிட்டால், வரமாட்டேன் என்று மருமகளுக்கு எழுதுவோம். தடுக்கினால், வருகிறேன் என்று நீயே அடித்து அனுப்பிவிடு. என்னிடம் கேட்காதே.”

மூன்று கிழமை, தினமும் பகல் ஒன்றிலிருந்து இரண்டு வரை ஷட்டரை அரைவாசி இறக்கிவிட்டு ஒத்திகை. நான் மகளாக வாசிப்பேன். முதல் நாளே அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அப்பா சாகிறார். நீ சமாதான நீதவானுக்கு முன்னால் சத்தியம் பண்ணுகிறாய்!” அவருக்குச் சொல் வராவிட்டால் ஒரு விரலைத் தூக்குவார், நான் முதல் சொல்லை மட்டும் கொடுக்க வேண்டும். முதல் கிழமை விரல் இறங்கவே இல்லை. குடைக்குள்ளே, தேநீர்க் கோப்பையின் அடியில், சட்டைக் கையின் உட்பக்கத்தில் எல்லாம் எழுதி வைத்தார். அம்பிட்டிய வீதியில் மேலும் கீழும் நடந்துகொண்டு தனக்குள் பேசுவார். பஸ் கண்டக்டர்கள் அந்த வெள்ளைக்கார ஐயாவைப் பார்த்து, ‘சுது மாத்தயாவுக்கு இது போயிட்டுது’ என்று தலையைத் தொட்டுக் காட்டுவார்கள்.

அந்தக் காட்சியில் கிழவர், இளவயதில் குதிரையிலிருந்து விழுந்து கால் உடைந்த கதையை மகளுக்குச் சொல்கிறார். மழையில் தன்னை மலையிலிருந்து தூக்கி இறக்கிய நாலு பேரின் பெயர்களைச் சொல்கிறார். மாரிமுத்து, சின்னசாமி, வேலாயுதம், ராமாயி. அவர்களுக்கு ஒருநாளும் நன்றி சொல்லவில்லை என்கிறார். பெயர்களைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம். எனக்குச் சோறு கொண்டுவரும் மனைவியை நிறுத்தி வைத்துக் கேட்பார்.

“ராமாயீஈஈன்னு இழுக்காதீங்க தொர. கூப்புட்டா அது மூணாவது மலைக்குப் போயிரும். ராமாயி. வெட்டுன மாதிரி.”

“ராமாயி,” என்பார் அவர், வெட்டின மாதிரி.

கடைசி வசனத்தை மட்டும் அவர் சொல்லவே மாட்டார். நாடகத்தின் கடைசி வரியை ஒத்திகையில் சொல்லக் கூடாது, சொன்னால் நாடகம் விளங்காது என்பது அவர்களின் பழைய நம்பிக்கை. கிழவர் வெளியே ஏதோ சத்தம் கேட்டு, “வண்டி வந்துவிட்டதா?” என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடுகிறார். அவ்வளவுதான் வரி. அந்த இடம் வந்ததும் அவர் மேசையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். டக், டக். ஒத்திகை முடிந்தது. மற்ற நேரத்திலும் அந்தச் சொல் வாயில் வந்துவிடாமல் அவர் பட்ட பாடு! ஓட்டோவுக்குச் சொல்லிவிட்டால், “வாசலில் ஏதும் நிற்கிறதா?” என்பார். “மூன்று சில்லோடு ஏதாவது?”

இனி என் பிழை.

ஒத்திகை தொடங்கி நாலைந்து நாளில் அந்தப் பிள்ளை ஒரு கட்டுத் தாளோடு ஓடி வந்தாள். எல்லாம் இளஞ்சிவப்பு. “அங்கிள், மூணு மூணு கொப்பி. இதே கலர்ல போடுங்க. ஒரு செட் நம்ம சேருக்கு.”

“பிங்க் தாள் வர்றதே இல்லம்மா இப்ப. வெள்ளயில போட்டா எழுத்து மாறிறவா போவுது?”

“அப்ப வெள்ளயிலயே போடுங்க. வேன் நிக்கிது.”

படக்காரர்களுக்குப் பக்கம் மாறினால் தாளின் நிறம் மாறும். நிறத்தைப் பார்த்துத்தான் எது புதுசு என்று அறிவார்கள். அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது என் தொழில். வேன் நின்ற அவசரத்தில் அன்று ஒன்றும் வாசிக்காமல், அவருடைய பழைய பக்கங்களோடு இந்தக் கொப்பிகளையும் சேர்த்துப் பக்க இலக்கப்படி அடுக்கினேன். ஒரே இலக்கத்தில் இரண்டிரண்டு பக்கம் வந்தது. மெஷின் இரட்டையாய்த் தள்ளிவிட்டது என்று நினைத்து, மேலே இருந்த இரண்டை உருவிக் கழிவுத் தாளோடு போட்டேன். அவற்றின் பின்பக்கத்தில்தான் கேத்தல் மூடியைப் பற்றியும் ஈரச் சவர்க்காரத்தைப் பற்றியும் எழுதி வைத்தேன்.

படப்பிடிப்பு அன்று பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது இருபத்தைந்துக்குப் பங்களாவில் இருந்தோம். அவர் விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்தார். ஆம், உட்கார்ந்தார். அரைமணி தொடங்கிவிட்டது. நான் பழைய பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வர, அந்தப் பிள்ளை எட்டிப் பார்த்தாள்.

“அங்கிள், இது பழைய பக்கம் தானே! இதெல்லாம் வெட்டியாச்சே. நான்தான் உங்ககிட்ட பிங்க்ல கொண்டாந்து தந்தேன்!”

அவள் கையிலிருந்த தாளைக் காட்டினாள். குதிரை இல்லை. மழை இல்லை. மாரிமுத்து இல்லை, ராமாயி இல்லை. மகள்தான் எல்லாவற்றையும் பேசுகிறாள். கிழவருக்கு ஒரே வரி. அந்தக் கடைசி வரி. மூன்று கிழமையில் அவர் ஒரு தடவைகூட வாயால் சொல்லிப் பார்க்காத அந்த ஒன்று.

நாலு தடவை அவருக்குக் கிட்டப் போனேன். நாலு தடவையும் திரும்பி வந்தேன். கண்ணை மூடி, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கால்கள் இரண்டும் தரையில் பதிந்து அசையாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“நான் சொல்லவா அங்கிள்?”

“வேணாம் மகள்,” என்றேன். “அரைமணி நடக்குது.”

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் செய்தது சரியா என்று எனக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும்தான்.

உள்ளே கட்டில், விளக்குகள், இருபது இருபத்தைந்து பேர். முதலில் கெமரா ஓடாமல் ஒரு தடவை பார்ப்போம் என்றாள், தொப்பி போட்ட இளம் பெண் இயக்குநர். கிழவராக அவர் கட்டிலில் படுத்தார். மகளாக நடித்த பெண் தன் முதல் வரியைச் சொன்னாள். அது பழையதிலும் அதேதான். உடனே அவர் ஆரம்பித்துவிட்டார்.

ஒரு உதவியாளர் பதறிக் கையைத் தூக்கினார். இயக்குநர் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். குதிரை விழுந்தது. மழை வந்தது. விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எங்கள் தோட்டப் பக்கத்து ஆட்கள். மாரிமுத்து என்றதும் தலை நிமிர்ந்தார்கள். சின்னசாமி. வேலாயுதம். ராமாயி, வெட்டின மாதிரி. என் விரல் பழைய பக்கத்தில் வரி வரியாய்ப் போய்க்கொண்டிருந்தது. அவர் விரல் ஒரு தடவைகூட உயரவில்லை.

கடைசி இடம் வந்தது. வெளியே பார்த்தார். வாய் திறந்தது. மூன்று கிழமைப் பழக்கம். கட்டில் சட்டத்தில் அவர் விரல் இரண்டு தட்டுத் தட்டியது. டக், டக்.

இயக்குநர் கட்டிலருகே குந்தியிருந்து, மெல்ல, பக்கங்கள் மாறிவிட்டதைச் சொன்னாள். பிறகு, “ஆனால் அந்தத் தட்டு, அதை வைத்துக்கொள்வோம். வசனமே வேண்டாம்,” என்றாள்.

மூன்று முறை எடுத்தார்கள். மூன்று முறையும் அவர் படுத்துக்கொண்டு இரண்டு தட்டுத் தட்டினார். பகல் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது. முதலில் சொன்னது எதுவும் பதிவாகவில்லை. அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். கெமரா ஓடவில்லை என்றாள். பிறகு அந்தத் தொடர் வந்தபோது என் மகளின் ஃபோனில் பார்த்தோம். ஒரு கிழட்டுக் கை, இரண்டு தட்டு, துரையின் மகள் அழுகிறாள். சாமான் விளம்பரம் வந்துவிட்டது.

திரும்பும் வேனில் நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வெள்ளைத் தாள், இரட்டைப் பக்கம், வாசலில் தெரிந்தும் வாய் திறக்காதது. பேராதனைப் பாலம் வந்தபோது அவர் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

“நாலு பேரின் பெயரும் சரியா?” என்றார்.

“சரி சேர்.”

அதன் பிறகு ஒன்பது நாள் அவர் கடைப்பக்கம் வரவில்லை. பத்தாம் நாள் ஐந்து குறைய எட்டுக்கு நின்றார். ஷட்டரைத் தூக்கினேன். மருமகளுக்குப் பதில் அடிக்கச் சொன்னார். வருகிறேன் என்று.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “தடுக்காம சொன்னா போகமாட்டேன்னு சொன்னது நீங்கதானே சேர்? ஒரு சொல்லும் தப்பலயே!”

“தப்பவில்லை,” என்றார். “அதனால்தான். இனிமேல் ஒருநாளும் அப்படி வராது. வந்த அன்றே போய்விட வேண்டும்.” பிறகு கையைப் பிசைந்துகொண்டு ரோட்டைப் பார்த்தார். “ஒன்றுதான் குறை. கடைசி வரி சொல்லாமல் நிற்கிறது. சொல்லும்வரை நாடகம் முடியாது. நித்திரை வரமாட்டேன் என்கிறது.”

“இங்கயே சொல்லிறுங்க. நான் கேக்குறேன்.”

“கடையில் சொன்னால் அது ஒத்திகை.”

போகும் நாளுக்கு ஓட்டோ நான்தான் பேசினேன். பத்து மணிக்கு அம்மா வீட்டு வாசலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். ஆளைத் தெரிந்தவன் என்ற திமிரில் ஒன்பது இருபத்தைந்துக்கே போய் நின்றேன். கேட் திறந்து கிடந்தது. மாடி அறைக் கதவும் திறந்து கிடந்தது. பிறகு ஸ்டேஷனுக்கு ஓடி, ரயில் ஜன்னலில் அவரைப் பிடித்து, தொர பசியாயிருப்பார் என்று மனைவி கட்டிக்கொடுத்த சோற்றுப் பொதியை நீட்டி, அவர் “போவோம்” என்றதெல்லாம் வேறு கதை. நான் சொல்ல வந்தது அந்த வாசலில் நடந்ததை.

அம்மா கையில் விளக்குமாற்றோடு வந்தார்.

“அவர் இப்பத்தான் போயிட்டார் தம்பி. பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்து, இந்த இடத்தில நிண்டவர். ‘வண்டி வந்திட்டுதோ?’ எண்டு கேட்டார். ‘இன்னும் வரேல்லை, பத்துக்குத்தானே’ எண்டன். ‘நல்லது’ எண்டு சிரிச்சுப்போட்டு, கேட்டைத் திறந்து, பஸ்ஸில ஏறிப் போயிட்டார். வண்டியைக் கேட்டுப்போட்டு வண்டிக்கு நிக்காமல் போற மனுசனை நான் இண்டைக்குத்தான் கண்டன்.”

“அம்மா, எப்படிக் கேட்டாரு? அந்த வண்டி வந்துட்டதான்னு... எப்படிச் சொன்னாரு?”

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எப்பிடியெண்டால்? ஆரும் கேக்கிற மாதிரித்தான் கேட்டவர்.”